பெயர் விடாத வேதாசலம்

பம்புசெட்டுத் தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வேதாசலம் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். "இந்த இனிய மாலைப் பொழுதிலே" என்று ஆரம்பித்துத் தலைக்குச் சோப்புப் போடுகிறார். "பந்தல் அமைத்துத் தந்த பண்பாளர்" என்று முடித்து ஒரு முழுக்குப் போடுகிறார். பக்கத்து வயலில் களை எடுக்கும் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அதையும் அவர் பாராட்டுக் கணக்கில்தான் சேர்த்துக்கொள்வார். ஒருநாள் எருமைகூட மேய்ச்சலை விட்டுவிட்டு நின்று கேட்டதாம். அவரே சொன்னது.

உத்திரமேரூர்க் கலைவிழாவுக்கு வருடா வருடம் அவர்தான் நன்றியுரை. யார் நியமித்தார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். குடவோலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர் இது என்று மேடைக்கு மேடை முழங்குகிற மனிதர், இந்த ஒரு பதவிக்கு மட்டும் யாரிடமும் ஓலை கேட்டதில்லை. திருப்புலிவனத்தில் கொஞ்சம் நஞ்சை, கடைத்தெருவில் ஓர் உரக்கடை, கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஏலக்காய். குரலுக்காம்! அந்தத் தொண்டையை விட்டால் விழாவுக்கு அவர் கொடுத்த உழைப்பு வேறு எதுவும் இல்லை. ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார் என்று சொல்ல ஊரில் ஒரு சாட்சி கிடையாது. வாழைமரம் கட்ட ஒரு கை கொடுங்கள் என்று கூப்பிட்டால், "நம்ம வேலை வேறப்பா. கடைசியில மைக்குல கீது" என்பார்.

அவருக்கு இந்த உலகத்தில் ஒரே பயம்தான். பெயர் விட்டுப்போகக் கூடாது. ஒரு வருடம் காராசேவு கொடுத்த மிட்டாய்க்கடைக்காரரை மறந்து தொலைத்தார். மனிதர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, மறுவருடம் கலைவிழாப் பக்கமே தலைகாட்டவில்லை. அன்றைக்குப் பிடித்தது ஊருக்குச் சனி. ஈ எறும்பு விடாமல் நன்றி. மைதானத்தில் கட்டுகிற மாட்டை வேறு இடத்தில் கட்டிக்கொண்டவருக்கு நன்றி. கூம்பு ஒலிபெருக்கி வாசலைப் பார்த்து அலறியும் சண்டைக்கு வராதவருக்கு நன்றி. சண்டைக்கு வந்து சமாதானமாகிப் போனவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நன்றி.

அவர் மனைவி விழாவுக்கு உழைக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் அண்டா அண்டாவாய் உப்புமா கிண்டுகிறவர். "ஊருக்கெல்லாம் வாரி எறைக்கிறாரு. வூட்டுல ஒரு டம்ளர் காபிக்கு நன்றின்னு அந்த வாயில வந்துதா, கேளுங்க" என்பார். கேட்டால், "வூட்டுல மைக் இல்லியே" என்று வேதாசலம் சிரிப்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் தோன்றும்.

இந்த வருடம் விழாவுக்குக் கிடைத்த இடம், கோவில் வீதியை ஒட்டிய காலி மனை. சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. வெட்டிச் சுத்தம் செய்து கொடுத்தவர்கள் ஏரிக்கால்வாய்க்கு அப்பால் இருக்கிற இருளர் குடியிருப்புப் பெண்கள். அவர்களைக் கூட்டி வந்தவள் அம்முலு. உள்ளங்கையெல்லாம் முள் தைத்து, ஊக்கால் குத்தி எடுத்துக்கொண்டே பேசினாள்.

"கூலி வேணாம் சார். கடைசி நாளு விழாவுக்கு வர்ற ஆபீசர் மேடையில குந்திக்கினு கீறப்ப எங்க பொண்ணுங்க ஒரு பாட்டு பாடணும். அவ்ளோதான். மய வந்தா கால்வாய்ல மார் மட்டும் தண்ணி. புள்ளைங்கள தோள்ல தூக்கிக்கினு போறோம். போன ஐப்பசியில புள்ளத்தாச்சி ஒருத்திய, நோவு எடுத்தவள கட்டிலோட தூக்கினோம். ஒரு சின்னப் பாலம் வோணும். மனு குடுத்துக் குடுத்து அலுத்துப் பூட்டுது. மேடையில குந்திட்டா எங்க போவாரு, கேட்டுத்தான ஆவணும்?"

"தாராளமா பாடும்மா. இது உங்க விழா" என்றார் வேதாசலம், பெருந்தன்மையாக.

கடைசி நாள். ஏழு மணிக்குப் பெருமாள் வீதியுலா. மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டால் மைக்கை அணைத்துவிட வேண்டும் என்பது ஊர்க்கட்டு, யாரும் மீறியதில்லை. முதலில் பாட்டு, பிறகு நன்றியுரை என்றுதான் பேச்சு. ஆறே காலுக்கு வேதாசலம் அதைப் புரட்டிப் போட்டார்.

"பாட்டு முடிஞ்சா ஆபீசர் எயுந்து பூடுவாரு. அப்பால நாற்காலிக்கா நன்றி சொல்றது? அஞ்சே நிமிஷம்மா. நீங்க ரெடியா நில்லுங்க."

அம்முலுவும் பெண்களும் ஒரே நிறப் புடவையில் மேடை ஓரம் நின்றார்கள். வேதாசலம் ஏலக்காயைக் கடித்தார். விழாத் தலைவர் முடிந்து, அவர் தம்பி முடிந்து, தண்ணீர் லாரி முடிந்தது. லாரிக்கு வழிவிட்டவர்களும் முடிந்தார்கள். சவுண்டு சர்வீஸ் சுகுமார் ஆம்பிளிபயரில் தலையைச் சாய்த்து, "பேஜாருப்பா" என்று முனகினான். அதிகாரி கொட்டாவியைக் கைக்குட்டையால் மூடினார். அம்முலுவின் கண் மனிதர்கள் மேல் இல்லை, தெருமுனை மேல் இருந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் மேடையருகே போனாள். "சார்... சார்..."

வேதாசலத்துக்குப் பகீரென்றது. பெயர் விட்டுப்போச்சு! நினைவுபடுத்த வந்திருக்கிறாள்! "மறப்பேனா?" என்று மைக்கிலேயே கூவினார். "முள்காட்டைப் பூக்காடாக்கிய உழைப்பின் சிகரம், நமது அம்முலு அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!" கையைப் பிடித்து ஏற்றினார். சால்வை போர்த்தினார். தோளைப் பிடித்துக் கேமராப் பக்கம் திருப்பினார்.

அம்முலு அவர் காதோரம் கெஞ்சினாள். "நன்றி வேணாம் சார். நேரம் குடுங்க சார்."

"நன்றியே வேண்டாம் என்கிறார்!" வேதாசலத்தின் குரல் தழுதழுத்தது. "என்னே தன்னடக்கம்!"

கூட்டம் கைதட்டியது. தட்டி முடிக்கும்போது தெருமுனையில் தவில் அதிர்ந்தது. சுகுமார் மைக்கை அணைத்தான். அதிகாரி எழுந்தார், பெருமாள் வருகிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், விறுவிறுவென்று ஜீப்பில் ஏறினார். ஊர்வலம் வந்து வழி அடைத்துவிட்டால் நகர முடியாதே!

அம்முலு சால்வையை மேடையிலேயே போட்டுவிட்டு ஓடினாள். கண்ணாடியைத் தட்டினாள். நல்லவேளை, இறங்கியது.

"ஐயா, எங்க ஜனங்க ஏரிக்கு அந்தாண்ட கீறாங்க. நடுவுல கால்வாய் கீது. மயக்காலத்துல..."

"எந்தக் கால்வாய்?" என்றார் அதிகாரி.

கேட்டாரே! எத்தனை மனுவுக்குப் பிறகு ஒரு மனிதன் வாயிலிருந்து இந்தக் கேள்வி வந்திருக்கிறது! அம்முலு கண்ணாடி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மூச்சிரைக்க ஓடி வந்தார் வேதாசலம். அவளை முழங்கையால் மெல்ல ஒதுக்கித் தலையை உள்ளே நுழைத்தார். "ஐயா, பெரிய தப்பு நடந்து பூட்ச்சு! டிரைவர் தம்பி பேரை உட்டுட்டேனே! காலையிலேர்ந்து காத்துக்கினு கீறாரு. தம்பி, பேரு இன்னாப்பா?" டிரைவர் கூச்சத்தில் நெளிந்து ஏதோ சொன்னார். அம்முலு போட்டுவிட்டு வந்த அதே சால்வை ஜன்னல் வழியாகப் போய் அவர் கழுத்தில் விழுந்தது. பாதி ஸ்டியரிங் மேல் தொங்கியது. அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "சரி சரி, சாமி வந்துடுச்சு, எடுப்பா வண்டிய" என்றார். கண்ணாடி ஏறியது. ஜீப் தீவட்டிகளுக்கு முன்னால் நழுவி, கடைத்தெருப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

வேதாசலம் நெற்றி வியர்வையை வழித்தார். பெருமூச்சு விட்டார். பாவி மனிதர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

"நல்லவேளை. ஒருத்தர் பேரும் உட்டுப் போவல" என்றார். அப்போதுதான் எதிரில் அம்முலு நிற்பதைப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர, குனிந்து, இரண்டு கையையும் அவளைப் பார்த்துக் கூப்பினார்.

அம்முலு முள் தைத்த கைகளால் அந்தக் கூப்பிய கைகளைப் பிடித்து, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து, அவர் இடுப்புக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகத் தொங்கவிட்டாள்.