கன்னத்தில் வைத்த கால்கள்

முப்பத்தேழரை டிகிரி. பத்தொன்பது வருடங்களாக அவருடைய வேலை, இந்த எண்ணை அசையவிடாமல் பார்த்துக்கொள்வது.

குஞ்சு பொரிப்பகத்தில் ஆளுயர இரும்புப் பெட்டிகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் முட்டைகள். அரை டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் இருபத்தோராம் நாள் குட்டு வெளிப்பட்டுவிடும்: தொப்புள் மூடாத குஞ்சுகள், நிற்க முடியாத குஞ்சுகள். இவர் பெட்டிக் கதவைத் திறந்து, முகத்தில் அடிக்கிற காற்றை வைத்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். மீட்டரும் அதையேதான் சொல்லும். அதனால் அங்கே எல்லோருக்கும் அவர் 'டிகிரி'. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என்பதால் அந்தப் பெயரில் கொஞ்சம் குசும்பும் உண்டு.

"பரீட்சை எழுதாம வாங்கின டிகிரி இது. எவனும் செல்லாதுன்னு சொல்ல முடியாது" என்பார் அவரே.

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, அவருடைய நாற்பத்தொன்றாவது வயதில், மகள் பிறந்தாள். மூன்று வாரம் முந்திக்கொண்டு வந்தவள். எடை இரண்டு கிலோ நானூறு கிராம். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சொன்னார்: "தூங்குற ரூம் இதமா இருக்கணும். குளிரவும் கூடாது, புழுங்கவும் கூடாது." டிகிரியின் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்.

குஞ்சுகளுக்குக் குளிர்கிறதா என்று பார்க்க பொரிப்பகத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு குஞ்சைக் கையிலெடுத்து அதன் கால்களைக் கன்னத்தில் ஒட்டிப் பார்ப்பார்கள். கால் சில்லென்றிருந்தால் குஞ்சுக்குக் குளிர்கிறது. சூட்டைக் கூட்ட வேண்டும். இந்தச் சோதனை டிகிரியை ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. மகள் வீட்டுக்கு வந்த அன்றே அவளையும் தூக்கி, இரண்டு பாதங்களையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சில்லென்றிருந்தன.

வீடு மூன்றாவது மாடியில். மழைக்காலம், காற்று நேராக வந்து மோதுகிற ஜன்னல். டிகிரி ஜன்னல் இடுக்குகளில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற டேப்பை ஒட்டினார். குழந்தைக்கு ஸ்வெட்டர், குல்லாய், காலுறை, மேலே கம்பளி. மறுபடி கால்களைக் கன்னத்தில் வைத்தார். சில்லென்றிருந்தன. பொரிப்பகத்திலிருந்து, குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற பெரிய சிவப்பு பல்பு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து தொட்டிலுக்கு மேலே கட்டினார். சுவரில் ஆணியடித்து மாட்டிய மீட்டர் இருபத்தேழைத் தாண்டி முப்பத்தொன்றுக்குப் போனது.

குழந்தை தூங்கவில்லை. இருபது நிமிடம் கண்ணயரும். பிறகு வீறிட்டு அழும். மார்பில் போட்டால் நாலு வாய் சப்பிவிட்டுத் துவண்டுவிடும். ஒன்பதாம் நாள் எடை போட்டபோது இருநூற்றுச் சொச்சம் கிராம் குறைந்திருந்தது. டாக்டர் பளிச்சென்று சொல்லிவிட்டார்: வியாழக்கிழமைக்குள் எடை ஏற ஆரம்பிக்க வேண்டும்; இல்லையென்றால் அட்மிட் செய்துவிட வேண்டியதுதான்.

குளிரில் இருக்கிற குஞ்சு, தின்கிற தீனியையெல்லாம் உடம்பைச் சூடாக்கவே செலவழித்துவிடும், எடை ஏறாது. டிகிரிக்கு இது அத்துப்படி. வீட்டுக்கு வந்து இன்னொரு கம்பளி போர்த்தினார்.

அவர் மனைவி தையல்காரி. மெஷினை அதே அறையில்தான் போட்டிருந்தார். ரவிக்கை முதுகு முழுக்க வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, எனக்கே தலை சுத்துது. அந்த பல்பை அணைங்களேன்."

"உனக்குப் புழுங்கும். அவளுக்குக் குளிருது. காலைத் தொட்டுப் பாரு."

"தொட்டேன், சில்லுனுதான் இருக்கு. ஆனா மூஞ்சி செக்கச்செவேல்னு இருக்கே."

"பல்பு சிவப்பு. இந்த வெளிச்சத்துல நீகூடத்தான் தக்காளி மாதிரி இருக்கே."

"இது கோழிக்குஞ்சு இல்லங்க."

"கோழிக்குஞ்சையே காப்பாத்துறவன், பெத்த பொண்ண விட்டுருவேனா?"

மனைவி மெஷினுக்குத் திரும்பினார். வீட்டில் சமையல், துணிமணி, சொந்தபந்தம் எல்லாம் மனைவி சொல்கிறபடி. சூடு, குளிர் மட்டும் டிகிரியின் இலாகா.

புதன்கிழமை, பொரிப்பகத்தில் குஞ்சுகள் முட்டையை உடைத்து இறங்கும் நாள். டிகிரி நான்காம் பெட்டியைத் திறந்தார். காற்று முகத்தில் அடித்தது.

"முப்பத்தேழரை" என்றார்.

மேற்பார்வையாளர் மீட்டரைக் குனிந்து பார்த்தார். "டிகிரி அண்ணே, முப்பத்தெட்டே கால் காட்டுது."

"மீட்டரை மாத்து."

மாற்றினார்கள். புது மீட்டரும் முப்பத்தெட்டே கால்தான் காட்டியது. பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் இது முதல் தடவை. டிகிரி கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தார்.

"பல்பு எரியுதா?"

"எரியுது. அவ கண்ணே தொறக்க மாட்டேங்கிறா. உள்ளங்காலைச் சுண்டிப் பாத்துட்டேன், அழக்கூட இல்ல. பாலும் குடிக்கல."

"இன்னொரு கம்பளி போடு. இதோ வர்றேன்."

போனை வைத்துவிட்டார். அவர் மனைவி கம்பளியை எடுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் குடியிருந்த அதே நர்ஸைப் போனில் கூப்பிட்டார்.

டிகிரி மூன்று மாடியையும் மூச்சிரைக்க ஏறி வந்தபோது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. ஜன்னல் டேப் கிழிக்கப்பட்டுத் தொங்கியது. பல்பு அணைந்திருந்தது. குழந்தை வெறும் அணையாடையோடு நர்ஸின் மடியில் கிடந்தது. அவர் நேராக ஜன்னலைச் சாத்தப் போனார்.

"கையை எடுங்க" என்றார் நர்ஸ். "இங்க வாங்க."

"குளிருது சிஸ்டர் அவளுக்கு. காலைப் பாருங்க, காலை..."

"பச்சைக் குழந்தைக்குக் கை காலெல்லாம் சில்லுனுதான் இருக்கும். ரத்த ஓட்டம் அங்க இன்னும் சரியாப் போய்ச் சேராது. பிடரியத் தொடுங்க."

தொட்டார். விரல் பொறுக்கவில்லை. பிடரி முடி ஈரமாகத் தோலோடு ஒட்டிக் கிடந்தது.

"காலை எங்க வச்சுப் பாத்தீங்க?"

"கன்னத்துல."

"இந்த அனல் ரூம்ல உக்காந்துக்கிட்டா? உங்க கன்னமே அடுப்பாட்டம் இருந்திருக்கும். எதை வச்சாலும் சில்லுனுதான் தெரியும்."

டிகிரிக்குக் காலையில் திறந்த நான்காம் பெட்டி நினைவுக்கு வந்தது. பல்பு அணைந்த அறையில், பகல் வெளிச்சத்தில், மகளுடைய முகம் சிவப்பாகவே இருந்தது. மூச்சு படபடவென்று ஓடியது. விலா எலும்புகள் ஏறி இறங்கின.

"முப்பத்தெட்டு புள்ளி ஆறு" என்றார் நர்ஸ், தெர்மாமீட்டரை உதறி. "வண்டி பிடிங்க. போற வழியிலேயே பால் குடுக்கப் பாருங்க. போர்த்தாதீங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைத் திட்டவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. போர்த்திய சூடாகவும் இருக்கலாம், கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். இத்தனை சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் எதையும் விட்டுவிட முடியாது என்றார். நூல் கனத்துக்கு இருந்த நரம்பைத் தேடி ரத்தம் எடுத்தார்கள். மூன்றாவது குத்தில்தான் கிடைத்தது. அதற்கு அவள் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு அவர் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரிஞ்சுதுங்க" என்றார். "புழுங்குதுன்னு எனக்கு மூணு நாளாத் தெரியும். நீங்க சொன்னா சரியா இருக்கும்னு வாயை மூடிட்டு இருந்தேன்."

"உன்னைக் கேட்டிருக்கணும்" என்றார் டிகிரி. "நான் கோழியையே கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்."

சிரிக்க வைக்கச் சொன்னதல்ல. ஆனால் மனைவியின் உதடு ஒரு கணம் கோணியது. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

வார்டுக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. மனைவி உள்ளே போனார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று டிகிரி பார்த்தார். குழந்தைக்கு ஒற்றைப் பருத்திச் சட்டை. குல்லாய் இல்லை, கம்பளி இல்லை. மார்பு நிதானமாக ஏறி இறங்கத் தொடங்கியிருந்தது. நாற்பது நிமிடமாகத் தூங்குகிறாள். அந்த அறையில் எத்தனை டிகிரி என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்த பால் நாலு மணிக்கு. ரத்தப் பரிசோதனை முடிவு நாளைக் காலை பத்து மணிக்கு வரும்.