எல்லைத் தெருவில் விளக்கு எண்ணிய மாலை

அன்று மாலை எல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கியது நானும் அப்பாவும் மட்டும்தான். என் ஆய்வேட்டைத் திருத்திய பேராசிரியர் வரவில்லை. அம்மாவும் வரவில்லை. "படிக்க வெச்ச புள்ளைய பிராந்திக் கடைக்குக் கூட்டினு போற அப்பன இப்பதான் பாக்கறேன்" என்று முதலியார்பேட்டை வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

செயற்கைக்கோள் இரவில் எடுத்த படங்களில், பத்து வருடத்தில் புதிதாக வெளிச்சம் வந்த இடங்களை நகரம் வளரும் மையங்கள் என்று குறித்திருந்தேன். அரியாங்குப்பம் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஒரு வெள்ளைப் புள்ளி. பேராசிரியர் சிரித்தார். "அது பிராந்திக் கடை வெளிச்சம்பா. பின்னாடி குடும்பங்க இருக்கான்னு எண்ணிட்டு வா. இல்லேன்னா அந்த அத்தியாயத்த எடுத்துடு." எடுத்தால் ஏட்டில் மிச்சம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய முதல் பட்டமும் அந்த வருடம் வராது.

கடைகளுக்குப் பின்னால் தெருக்கள் இருந்தன. பூசாத செங்கல் சுவர், கொடியில் பள்ளிச் சீருடை, வாசலுக்கு வாசல் டியூப் லைட். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினாலு வீடு எண்ணியிருப்பேன், விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய ஆரம்பித்தன.

அப்பா ஏ.டி.எம். காவல் வேலையிலிருந்து நேராக, காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். நானோ கம்பத்தைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். கரண்டு ஆபீஸ் ஆட்கள் என்று நினைத்து, தெருவே திருட்டுக் கரண்டுக்குக் கம்பியில் மாட்டிய கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தது.

முனையில் மீன் வறுத்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடினேன். "நாங்க காலேஜ்லேருந்து வரோம்க்கா. வானத்துலேருந்து எடுத்த போட்டோல உங்க தெரு தெரியுது."

"கொக்கியுமா?"

"இல்லக்கா, வெளிச்சம் மட்டுந்தான்."

"கரண்டு ஆபீசு ஆளுங்க காசு குடுத்துத் தின்ன மாட்டாங்க. நீங்க எப்பிடி?"

அப்பா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டார். இரண்டு தட்டு மீன் வாங்கி, காசை எல்லோரும் பார்க்கும்படி கொடுத்து, நடுத்தெருவில் நின்று தின்றார். ஒரு விளக்கு எரிந்தது. பக்கத்து வண்டியில் போண்டா வாங்கினார். இன்னும் நாலு எரிந்தன.

"போதும்பா, வயிறு என்னாவுறது."

"நீ எண்ணுடா. ரெண்டாந்தெரு இன்னும் இருட்டாத்தான் இருக்குது."

நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அத்தியாயம் ஏட்டிலேயே நின்றது. மீன், போண்டா, சுண்டல், கடைசித் தெருவுக்காகத் தின்ற பஜ்ஜி, இரண்டு பேருக்குப் போகவர பஸ், எல்லாம் சேர்த்து எழுபத்து நான்கு ரூபாய்.