அம்மா இருந்த பலகை

அக்கா இறந்து ஒரு மாதம் ஆகிறது. அவளைப் பற்றி நல்லபடியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அவள் வேலை பார்த்த இடம்தான் முன்னால் வருகிறது.

இருபத்திரண்டு வருடம் அவள் மரச்செதுக்கு அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தாள். பலகையில் உளியால் செதுக்கி, உருளையால் மை தடவி, தாளை வைத்து அழுத்திப் படம் எடுக்கிற இடம். ஓட்டல் வரவேற்பறைகளுக்கு அங்கிருந்துதான் 'மலைமக்கள்' படங்கள் போகும். கூடத்தில் மலைக்காரி என்று இருந்தது அக்கா ஒருத்திதான். அவள் வரைந்தால் மட்டும் மலைக்காரி மாதிரி இல்லை என்பார் மேலாளர்.

ஒருமுறை அவள் அம்மாவைச் செதுக்கினாள். அம்மா டெய்லர். மூக்குக்கண்ணாடியோடு தையல் மெஷின் முன் குனிந்து இரண்டு கையாலும் துணியைத் தள்ளுகிற படம். தோலுக்கு மெல்லிய கோடுகள், ரவிக்கைக்கு அடர்ந்த கருப்பு.

"ஏம்மா, மலையில ஏது மெஷின்?" என்றார் மேலாளர்.

"இது எங்கம்மா சார். தெருவுல பாதிப் பேருக்கு இவங்கதான் ரவிக்கை தைக்கிறாங்க. உங்க வீட்டம்மாவுக்குக்கூட."

கூடமே சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை.

மரத்தில் செதுக்கி எடுக்கலாம், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அக்கா காய்ச்சலில் படுத்திருந்த மூன்று நாளில் அந்த ஆள் தன் கையாலேயே எடுத்துவிட்டார். முதலில் கண்ணாடி, பிறகு மெஷின், துணி. ரவிக்கையின் கருப்பைக் கோடு கோடாகக் கீறித் தோலாக்கினார். கழுத்துப்பட்டியை மட்டும் விட்டுவைத்து, புள்ளி குத்திப் பாசிமணி ஆக்கினார். துணி போனதும் அம்மாவின் கைகள் அந்தரத்தில் நின்றன. பார்ப்பவருக்குப் பிச்சை கேட்கிற கை. கீழே அக்காவின் பெயர்.

திரும்பி வந்தவள் பலகையைப் பார்த்தாள். பதிப்பு முடிந்த பலகையை மறுபடி அச்சடிக்காமலிருக்க குறுக்கே ஒரு வெட்டு போடுவது அவர்கள் வழக்கம். பெரிய உளியை எடுத்து அம்மாவின் முகத்துக்குக் குறுக்கே அவளே அதைப் போட்டாள். அதற்குள் நாற்பது படிகள் எடுத்தாகிவிட்டது. பிறகு ஆறு வருடம் அவளுக்கு உருளை கழுவுகிற வேலைதான்.

"அம்மா கண்ணுல மட்டும் அது பட்டுடக் கூடாதுடி." அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். அம்மாவை அந்த அச்சுக்கூடத்துப் பக்கமே போகவிடாமல் பார்த்துக்கொண்டோம்.

போன வாரம் அங்கே இரங்கல் கூட்டம். அம்மா வந்தே தீருவேன் என்றாள். கூட்டிப்போனேன். மேடையில் அக்காவின் போட்டோ இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். 'தன் மண்ணின் ஏக்கத்தை இதில் கொட்டினார்' என்று மேலாளர் மைக்கில் உருகிக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"யாருடி இது? மேல ஒண்ணுமில்லாம, கையேந்திக்கிட்டு... இதையா என் பொண்ணு செதுக்குனா?"

இல்லை என்று சொல்லி வெளியே அழைத்துப் போயிருக்கலாம். ஆனால் அக்காவின் பெயர் அதன் கீழே இருந்தது.

"அவ உன்ன மெஷினோட, கண்ணாடியோடதான் செதுக்குனாம்மா. மிச்சம் இவங்க பண்ணது."

அம்மா வெகுநேரம் படத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து, கடையில் வாடிக்கையாளரைக் கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"என் ரவிக்கையக் கழட்டுனது யாருப்பா?"

நான் கை நீட்டிக் காட்டினேன். மேலாளர் மைக்கை அணைத்துவிட்டு, எல்லோருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார்.