பனிக்குள் நின்ற தென்னைகள்

மார்கழிக் காலை. ஒத்தக்கடையில் நாங்கள் வாங்கிய மனையைப் படமெடுக்க, தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் ட்ரோனைத் தாழ இறக்கியிருந்தேன். திடீரென்று பனி மூடிவிட்டது. திரையிலும் வெறும் வெள்ளை. பதறிப்போய், அதைத் தானாகத் திரும்பவைக்கும் பட்டனை அமுக்கப் போனேன்.

என் மனைவி ஸ்டெல்லா கையைப் பிடித்தாள். "இருங்க! நம்ம மொட்டை மாடியில பறக்கவிட்டப்ப, அது திரும்பி வர்ற உயரத்த பதினஞ்சு மீட்டர்னுதான வச்சீங்க? குறுக்க இம்புட்டு உசரத்துக்குத் தென்னை நிக்குது. மொதல்ல நேரா மேல ஏத்துங்க."

ஐம்பது மீட்டருக்கு ஏற்றிவிட்டுப் பட்டனை அமுக்கினேன்; வைத்த உயரத்துக்கு மேலே இருந்தால், இருக்கும் உயரத்திலேயே அது திரும்பி வரும். சற்று நேரத்தில் தலைக்கு மேல் ரீங்காரம் கேட்டது. ஒரு கீறல் இல்லை.

ட்ரோனைத் தொட்டே பார்க்காதவள், நான் மறந்த எண்ணை நினைவில் வைத்திருந்தாள்! இப்போது பனியென்றால் பறக்கவிடுவதில்லை. மற்ற நாட்களில், திரும்பும் உயரத்தை அவளிடம் சத்தமாகச் சொன்ன பிறகே ட்ரோன் தரையை விட்டு எழும்.