அந்தப் பிரெஞ்சுப் படத்தில் புருஷன் என்ன ஆனான்?

எண்பதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை. திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் வெள்ளைத் துணி கட்டி, ஜன்னல்களுக்கெல்லாம் ஜமக்காளம் தொங்கவிட்டு ஒரு பிரெஞ்சுப் படம் போட்டார்கள். அந்தப் படம் எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. புரியாத ஒன்று இத்தனை வருஷம் கூடவே நடந்து வருமா? வருகிறதே.

நான் அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா, என்னைவிட ரொம்பவே மூத்தவர். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தீபத்தன்று, மலை சுற்றிவிட்டு வருகிறேன் என்று கூட்டத்தோடு போன அவர் கணவர் திரும்பவே இல்லை. காவி கட்டிவிட்டார் என்றார்கள் சிலர். ஏதாவது கிணற்றில் விழுந்திருப்பார் என்றார்கள் சிலர். பெண்டாட்டி வாய்க்குப் பயந்து ஓடிவிட்டான் என்றார்கள் கணவர் வீட்டார். அக்கா யாருக்கும் பதில் சொல்லவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுவார். எல்லோரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு போக, இவர் மட்டும் வழியோரம் உட்கார்ந்திருக்கும் சாமியார்களின் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போவார்.

அந்த வருஷம் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வைகாசியில் முகூர்த்தம். பத்திரிகை அடிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் 'திரு' என்று போட்டால், ஆள் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். 'காலஞ்சென்ற' என்று போட்டால், அக்கா அன்றே பொட்டை அழித்துவிட்டு, பெற்ற மகளின் மணமேடையைவிட்டு எட்டி நிற்க வேண்டும். கணவரின் அண்ணன், அக்காவுக்கு மூத்தார், கெடு வைத்துவிட்டார். திங்கட்கிழமை பிரஸ்ஸில் கொடுத்தாக வேண்டும், இருக்கானா செத்தானா, ஒன்று சொல்லிவிடு என்று.

இந்த நேரத்தில்தான் படம் வந்தது. ஊரில் ஒரு கல்லூரி விரிவுரையாளர் பிலிம் சொசைட்டி நடத்தினார். படப்பெட்டி பஸ்ஸில் ஏறியதா என்று கேட்க, பாண்டிச்சேரிக்கு டிரங்க் கால் போட்டு எங்கள் உயிரை வாங்குவார். அந்த உரிமையில் எங்களையும் கூப்பிட்டார்.

"ஒண்ணும் புரியாதுங்க. ஆனா நல்ல படம்."

அக்கா சிரித்தார். "வாடி போலாம். வீட்ல இருந்தா மூத்தாரு வந்து உக்காந்துக்குவாரு. புரியாத படமே தேவலாம்."

படத்தின் அடியில் மொழிபெயர்ப்பு எழுத்து ஓடாது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சு அம்மாள் மைக்கில் ஆங்கிலத்தில் சொல்ல, விரிவுரையாளர் அதைத் தமிழில் சொன்னார். இரண்டு பாஷை தாண்டி வார்த்தை எங்களிடம் வந்து சேர்வதற்குள் காட்சி மாறிவிடும். திரையில் அவள் அழுதுகொண்டிருப்பாள், மைக்கில் காபி கேட்டுக்கொண்டிருப்பாள்.

கதை இதுதான். ஒரு சின்ன ஊர். வீட்டுக்குப் பின்னால் குன்று. ஒரு காலையில் கணவன் குன்றுப் பக்கம் நடந்து போகிறான். வரவில்லை. மனைவி தினமும் அவனுக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறாள். போலீஸ்காரன் அதை நடிப்பு என்கிறான். நாத்தனார் பைத்தியம் என்கிறாள். தோட்டத்தில் ஓரிடத்தில் மண் புதிதாகத் தெரிகிறது. அதை யாரும் தோண்டவும் இல்லை. கடைசியில் ஒரு மழை நாளில் கதவு தட்டப்படுகிறது. அவள் திறக்கிறாள். வந்தது யார் என்று நமக்குக் காட்டாமல் அவள் முகத்தை மட்டும் காட்டுகிறார்கள். அந்த முகத்தில் பயமா, சந்தோஷமா, அதுவும் தெரியவில்லை. துணி வெள்ளையாகிவிட்டது.

விளக்கைப் போட்டார்கள். புரொஜக்டரின் சூடு இன்னும் ஹாலில் இருந்தது. உடனே விவாதம் பிடித்துக்கொண்டது. முதலில் எழுந்தவர் ஒரு மல்லாட்டை மண்டிக்காரர், வேர்க்கடலை மொத்த வியாபாரி.

"இதுல இன்னா சார் மர்மம்? ஆளு சாமியாராப் பூட்டான்."

ஹால் முழுக்க, அதானே என்று தலையாட்டியது. விரிவுரையாளர் நொந்துபோனார். "பிரான்ஸ்ல ஏதுங்க சாமியாரு?"

"மலை இருக்குதில்ல? அப்புறம் இன்னா? இந்த அம்மா அந்த ஊர்லேர்ந்துதான வந்து நம்மூர்ல குந்தினு இருக்குது?"

மொழிபெயர்த்துச் சொன்னதும் பிரெஞ்சு அம்மாளே சிரித்துவிட்டார். ஆனால் அவர் கட்சி வேறு. மனைவிதான் கொன்றுவிட்டாள், தன் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். பின்வரிசையில் யாரோ, "கொல்ல வேணாம் சார், பொம்பள வாய் ஜாஸ்தியா இருந்தா அவனே பூடுவான்" என்றார். பெரிய சிரிப்பு. மண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். எங்களைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. சின்ன ஊர்தானே, அவருக்குத் தெரிந்திருந்தது.

போய்விடலாம் என்று அக்காவின் கையைப் பிடித்தேன். அக்கா எழுந்தார். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு. அவன் இன்னா ஆனான்னு அவளுக்குத் தெரியுமா?"

"அதை டைரக்டர் நம்ம கிட்டயே விட்டுட்டாரும்மா."

"நம்மகிட்ட இருக்கட்டும் சார். அவளுக்கே தெரியாம இருந்தா?"

பிரெஞ்சு அம்மாள் என்னவென்று கேட்டார். சொன்னார்கள். அந்த அம்மாள் அக்காவை வெகுநேரம் பார்த்தார். இந்தப் படத்துக்காகத் தன் தோழிகளோடு சண்டை போட்டதுண்டு, ஆனால் அவளுக்கே தெரியாமல் இருக்கலாம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை என்றார். அதன்பின் கூட்டம் கலைந்தது.

தேரடித் தெருவில் பூக்கடைகளில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலை கிறுகிறுத்தது. அவன் வந்தானா, பிணம் வந்ததா, போலீஸ் வந்ததா? ஒன்றை நம்பினால் மற்றது வந்து இடித்தது. அக்கா மட்டும் லேசாக நடந்தார்.

"படம் எடுத்தவன் சொல்லாட்டியும் அவனை எல்லாரும் வுட்டுட்டாங்க பாரு. என்னைத்தான் வுட மாட்டேங்கிறாங்க."

மறுநாள் பிரஸ்ஸுக்கு அவரே போனார். பத்திரிகை வந்தபோது பார்த்தேன். அப்பாவின் பெயருக்கு முன்னால் 'திரு' இல்லை, 'காலஞ்சென்ற' இல்லை. வெறும் பெயர். மூத்தார் குதித்தார். பிரஸ்காரன் விட்டுவிட்டான் என்றார்கள் சிலர். ஆள் கிடைத்துவிட்டான், கல்யாணத்துக்கு வந்து நிற்கப் போகிறான் என்றார்கள் சிலர். இல்லை, செத்த சேதி வந்துவிட்டது, மறைக்கிறாள் என்றார்கள் சிலர். பள்ளிக்கூட ஹாலில் கேட்ட அதே பேச்சு, வீடு வீடாக. கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாப்பிள்ளையின் அம்மா, எல்லோர் எதிரிலும் கேட்டேவிட்டார்.

"மறைக்காம சொல்லுங்க. சம்பந்தி இருக்காரா, இல்லியா?"

அக்கா நிமிர்ந்தே சொன்னார். "தெரியலைங்க. தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட சொல்லாம இருப்பேனா?"

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மூத்தார் தொண்டையைச் செருமினார். நாதஸ்வரக்காரர் வாசிப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அம்மாள் பக்கத்துத் தட்டிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து, தானே திறந்து, அக்காவின் முன்னால் நீட்டினார். "எடுத்துக்கோங்க. நேரமாவுது."

அக்கா செய்தது சரியா, எனக்குத் தெரியாது. அந்த மனிதரைப் பற்றி இதுவரை ஒரு சேதியும் இல்லை. ஆனால் வாழ்க்கையில் யார் என்னை மடக்கி, இதுவா அதுவா என்று கேட்டாலும், தெரியாததைத் தெரியாது என்று குரல் தாழாமல் சொல்ல எனக்கு அந்த மணமேடையில்தான் தைரியம் வந்தது.