குதிரை முதுகில் ஒரு காய்ந்த திட்டு

பதுளைக் கடைவீதிச் சேணக் கடையில் நான் தொழில் பழகப் போனபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. மேஸ்திரியோ என்னைவிட இளையவர். அதனால் திட்டும்போதுகூட மரியாதையாகத்தான் திட்டுவார். "அண்ணே, இது சேணமா, சாக்கு மூட்டையா? பிரிங்க." பல்லைக் கடித்துக்கொண்டு பிரிப்பேன். மறுபடி மெழுகு நூலைக் கோத்து, இரண்டு கையிலும் ஊசி பிடித்துத் தைப்பேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் கோபித்துக்கொண்டு எங்கே போவது? திரும்பினால் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்து நிற்க வேண்டும்.

கங்காணி அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்: "தொழில் படிஞ்சா டவுன்லயே இரு. படியலைன்னா பேசாம வந்து மம்பட்டியை எடு." மனைவியும் பிள்ளையும் அதுவரை தோட்டத்து லயத்து வீட்டில். நான் தேறினால் கடைக்குப் பின்னாலிருந்த அறை எங்களுக்கு என்று மேஸ்திரி வாக்குக் கொடுத்திருந்தார்.

தேறுவதற்கு அந்தக் கடையில் ஒரே வழிதான். பழகுகிறவன் தனியாக ஒரு சேணம் செய்ய வேண்டும். மேஸ்திரி நல்லது என்றால் போதாது, குதிரை சொல்ல வேண்டும். சேணம் வாங்கும் தோட்டத்துத் துரை ஏறி மலை சுற்றி வந்ததும் சேணத்தை இறக்கி, முதுகைப் பார்ப்பார்கள். சேணம் இருந்த இடமெல்லாம் ஒரே சீராக வியர்த்திருந்தால் சரி. எங்காவது அழுத்தியிருந்தால் அந்த இடம் மட்டும் காய்ந்து கிடக்கும். நாளாக நாளாக அங்கே புண் வரும்.

என் சேணம் போனது எங்கள் தோட்டத்துத் துரையின் குதிரைக்கு. அன்று காலை நானும் மேஸ்திரியும் தூறலில் லாயத்து வாசலில் காத்து நின்றோம்.  துரை வந்து இறங்கிப் பங்களாவுக்குப் போனார். குதிரைக்காரர் குதிரையை உள்ளே கொண்டுபோய், சேணத்தை இறக்கிவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டார்.

இடது பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காய்ந்த திட்டு.

மேஸ்திரி கிளம்புவதற்குக் குடையை எடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சேணத்துக்குள் அந்தப் பக்கத்தில் மெத்தைக்கு வைக்கும் ரோமத்தை எத்தனை தடவை உதறி உதறி, கட்டி தட்டாமல் அடைத்தேன் என்று எனக்குத்தானே தெரியும். நம்ப முடியாமல் திட்டைத் தடவினேன். விரலில் கறுப்பாக, நூல் நூலாக ஏதோ ஒட்டியது. நான் அடைத்தது வெள்ளை ஆட்டு ரோமம்.

"அடியில என்னய்யா வச்சே?" என்று குதிரைக்காரர் மேல் பாய்ந்தேன்.

அவர் முழித்தார். பிறகு வைக்கோலுக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புக் கம்பளியை எடுத்தார். "நானா வைக்கலை. காலையில உன் பொஞ்சாதிதான் குடுத்துச்சு. புதுத் தோலு, குதிரைக்கு உறுத்துனா எங்க வீட்டுக்காரரைத் திருப்பி அனுப்பிருவாங்கன்னு அழுதுச்சு. பாவமா இருந்துச்சு, மடிச்சு வச்சேன்."

மடித்த கம்பளி ஒரு பக்கமாகச் சுருண்டு, அந்த இடத்தை அழுத்தியிருக்கிறது. மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரியத்தையே கெடுக்கப் பார்த்தாளே என்று கொதித்தது.

மாலையில் துரை மறுபடி கிளம்பினார், கம்பளி இல்லாமல். திரும்பி வந்தபோது சேணம் இருந்த இடம் முழுக்க ஒரே ஈரம். மேஸ்திரி இரண்டு பக்கமும் தடவிப் பார்த்து, "அண்ணே, அறையைக் கூட்டி வைக்கச் சொல்றேன்" என்றார். அப்பாடா என்று வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை அனுபவித்ததில்லை.

கம்பளியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு நடந்தேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றுதான். அவள் அப்போதுதான் மலையிலிருந்து வந்திருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ள அவளிடம் இருந்தது அந்த ஒரு கம்பளிதான். நாள் பூராவும் தூறலில் அது இல்லாமல் தேயிலைக் கொழுந்து எடுத்திருக்கிறாள்.

"குதிரைக்கு உறுத்தலையே?" என்றாள், நடுங்கிக்கொண்டே.

"உறுத்தலை. மூட்டையைக் கட்டு" என்று சொல்லி, குதிரை வாடை அடித்த கம்பளியை அவள் மேல் போர்த்தினேன்.

தன் கம்பளியால்தான் நான் தேறினேன் என்று அவள் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மறுத்ததில்லை.