வீட்டைக் கழுவின வருஷம்

என் மகளுக்கு ஏழு வயதில் மூச்சிழுப்பு வந்தது. 2007ஆம் வருஷம். அப்போது கடலூர் முதுநகரில் வாடகைக்கு இருந்தோம். ஓட்டு வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. நான் மாட்டுத் தீவனக் கடையில் மூட்டை தூக்கினேன். தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மூட்டைக்கு அது போதும்.

மனைவியின் அக்கா சிதம்பரத்தில் இருந்தார். நான் அவரை அண்ணி என்பேன். அவருக்குப் பிள்ளை இல்லை. முழுப் பரீட்சை லீவில் மகளை அங்கே விட்டோம். பத்து நாள் இருந்தாள். ஒரு நாள்கூட இழுக்கவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் இழுத்தது.

அண்ணி வந்து அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார். சிதம்பரத்திலேயே ஒரு டாக்டரிடம் காட்டினோம். டாக்டர் வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்பு எழுதிக் கொடுத்தார். வீட்டில் தூசி இருக்கும், அதை முதலில் பாருங்கள் என்றார். என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று மனைவியிடம் சொன்னார். எனக்குப் பாதி புரிந்தது.

வெளியே வந்ததும் அண்ணி சொன்னார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு எங்ககிட்டயே இருக்கட்டும். ஜூன்ல இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துடலாம். டி.சி. மட்டும் வாங்கியாங்க."

"பாக்கலாம்" என்றேன்.

"என்னா பாக்கறது? இங்கதான அதுக்கு மூச்சு ஒழுங்கா வருது."

திரும்பி வரும்போது பஸ் பரங்கிப்பேட்டையைத் தாண்டியதும் மனைவி சொன்னாள்.

"அக்கா ஆசையாத்தான் கேக்குது. நான் குடுக்க மாட்டேன். வீட்டக் கழுவறேன். ஜூனுக்குள்ள ஒரு தூசி இருக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. சாமான் மொத்தத்தையும் தெருவில் எடுத்து வைத்தோம். எதிர் வீட்டு அம்மா வந்து நின்றார்.

"காலி பண்றீங்களா?"

"இல்ல. கழுவறோம்."

"ஏப்ரல் மாசத்துல என்னா போகி?"

மனைவி மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஓட்டுக்கு அடியில் ஒட்டடை அடித்தாள். நான் பரணைக் காலி செய்தேன். பழைய காலண்டர் ஒன்பது இருந்தது. சாமி படம் போட்டிருந்ததால் தூக்கிப் போடவில்லை. ஃபேன் இறக்கையைத் துடைத்தேன். அது வெள்ளை நிறம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போர்வை, தலையணை உறை எல்லாம் வெந்நீரில் ஊறப் போட்டோம். தலையணைகளை வெயிலில் போட்டோம். கொசுவத்தி நின்றது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி நின்றது. வெறும் துடைப்பத்தால் பெருக்குவது நின்றது. ஈரத்துணிதான்.

எல்லாம் முடிந்ததும் மனைவி பார்த்தாள். "சாக்கெல்லாம் பழசாயிடுச்சு. புதுசா எடுத்தாங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் சாக்குதான். வாசலில் கால்மிதி சாக்கு. ஜன்னலில் வெயிலுக்கு மறைப்பு சாக்கு. தரையில் ஈரம் ஏறும் என்று பாய்க்கு அடியில் நாலு சாக்கு. கடையில் கேட்டால் காலிச் சாக்கு கொடுப்பார்கள். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாகப் பத்து கொண்டு வந்தேன். தவிட்டுச் சாக்கு மெத்தென்று இருக்கும். மகள் படுக்கிற இடத்துக்கு அதில் பார்த்து எடுத்துப் போட்டேன். உதறித்தான் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மகள் வந்தாள். வீடு புதுசா இருக்கு என்றாள். ஞாயிறு மதியம் இழுத்தது. திங்கட்கிழமை அண்ணி வந்து கூட்டிக்கொண்டு போனார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "டி.சி. கேட்டீங்களா தம்பி?" என்றார். அவ்வளவுதான்.

மறுபடியும் கழுவினோம். இந்தத் தடவை சுவரையும் சேர்த்து. வீட்டுக்காரர் வந்து, செவுரு கரையுதுப்பா என்றார். தேய்ப்பதை நிறுத்தினோம்.

மே மாதம் முதல் வாரம். ஒரு சனிக்கிழமை லோடு இறக்கிவிட்டு நேராக சிதம்பரம் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். நான் கால் நீட்டி உட்கார்ந்தேன்.

அண்ணி வீடு மொசைக் தரை. சோறு போட்டுச் சாப்பிடலாம். மகள் ஓடி வந்து என் மடியில் உட்கார்ந்து சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டு நாய் என்று ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் தும்மினாள். பிறகு இருமல். பிறகு இழுத்தது.

அண்ணி பம்பு கொடுத்தார். அது அடங்கியதும் தன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் சட்டைக் காலரில் விரலை வைத்து எடுத்தார். விரல் மஞ்சளாக இருந்தது.

"இது என்னா தம்பி?"

"தவிடு."

"குளிக்காம வந்தீங்களா?"

"கடையிலேந்து நேரா வரேன்."

"வூட்டுக்கும் இப்பிடியேதான் போவீங்களா?"

"போவேன். புள்ளைய கொஞ்ச நேரம் தூக்கி வச்சிருப்பேன். சாப்டுவேன். அப்பறம் குளிப்பேன்."

அண்ணி விரலை முந்தானையில் துடைத்தார்.

"வூட்டக் கழுவனீங்க, செவுத்தக் கழுவனீங்க. உங்கள யாரு கழுவறது?" என்றார்.

அவர் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பிள்ளை அவரிடமே இருந்திருக்கும். சொன்னார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கால்மிதியைப் பார்த்தாள்.

"இதுவும் கடையிலேந்து வந்ததுதான?"

"ஆமா."

"என்னா இருந்த சாக்கு?"

"தவிடு. மெத்துனு இருக்கும்னு எடுத்தேன்."

"நீங்க பேசாதீங்க" என்றாள்.

பத்துச் சாக்கும் கடைக்குத் திரும்பப் போனது. மூன்றாவது தடவை கழுவினோம். கை பழகிவிட்டது, மதியத்துக்குள் முடிந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம். வேலை முடிந்து வந்தால் வாசல்படி ஏறக் கூடாது. வெளியில் டிரம்மில் தண்ணீர் இருக்கும். சட்டையையும் லுங்கியையும் அங்கேயே வாளியில் போட வேண்டும். தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேறு லுங்கி கட்டி, பிறகு உள்ளே.

எங்கள் பக்கம் சாவுக்குப் போய் வந்தவர்தான் அப்படிக் குளிப்பார். முதல் நாள் எதிர் வீட்டு அம்மா கேட்டார்.

"யாரு தவறிட்டாங்க?"

"யாரும் இல்ல."

மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாள் துக்க முகத்தோடு நின்றார். கேட்கவில்லை. ஆறாம் நாள், ஆட்டோ ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார்.

"என்னா மச்சான், ஒரு வாரத்துல ஆறா? உன் சொந்தத்துல யாராச்சும் மிச்சம் இருக்காங்களா?"

"நீ இருக்க" என்றேன்.

அவர் போய்விட்டார்.

மே நடுவில் மகள் வந்தாள். நான் குளித்து முடிக்கிற வரைக்கும் அவள் கிட்டே வரக் கூடாது. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று, "காதுக்குப் பின்னாடி தேச்சியா?" என்று கேட்பாள். தேய்த்தேன் என்பேன். பம்பை நிறுத்தவில்லை, டாக்டர் சொன்னபடி கொடுத்தோம். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. இரண்டு தடவை தும்மினாள். இழுக்கவில்லை.

கடைசி வாரம் அண்ணி அவளைக் கூட்டிப் போக வந்தார். அன்றைக்கு எனக்கு அரை நாள். மகள் முதுகில் காதை வைத்துக் கேட்டார். இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். சத்தம் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். அண்ணி பையைத் திறந்து கைக்குட்டை எடுத்தார். உள்ளே நீலத் துணி தெரிந்தது.

"என்னாக்கா அது?" என்றாள் மனைவி.

"யூனிஃபார்ம் துணி. எங்க ஊரு பள்ளிக்கூடத்தோடது. அளவெடுக்கலாம்னு எடுத்தாந்தேன்."

"கடையில திருப்பி எடுத்துப்பாங்களா?"

"வெட்டிட்டாங்களே."

அண்ணி டீயைக் குடித்துவிட்டு, லீவுக்காவது அனுப்புங்கள் என்றார். அனுப்புகிறேன் என்றேன். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

மகள் இங்கேயே மூன்றாம் வகுப்புக்குப் போனாள். ஜூலையில் அண்ணி அந்த நீலத் துணியில் தலையணை உறை நாலு தைத்துக் கொடுத்து அனுப்பினார். வாரம் ஒரு தடவை வெந்நீரில் ஊறப் போட்டுத் துவைத்தோம். சாயம் போகவில்லை.